ஆறு பத்து வண்டி

14 நவம்பர் 1999, ஞாயிறு

இந்த டைரி அப்பாவுக்குக் கம்பெனியில் கொடுத்தது. வருடா வருடம் கொடுப்பார்கள், வருடா வருடம் அது பீரோ மேல் சும்மா கிடக்கும். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டேன். இந்த வீட்டில் யாரைப் பற்றிப் புலம்ப வேண்டுமோ அவர்கள் இரண்டு பேரும் இதே வீட்டில்தான் இருக்கிறார்கள். பிறகு யாரிடம் புலம்புவது?

ஒன்று என் தம்பி ஜெகதீசன். பெங்களூரில் எட்டு மாதம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டு, இனிமேல் எல்லாமே இன்டர்நெட்தான் என்று சொல்லிக்கொண்டு தாராபுரத்துக்கே திரும்பி வந்துவிட்டான். இன்னொன்று தங்கை லோகநாயகி. கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இரண்டும் சேர்ந்து அரிசி டிரம்மைச் சமையலறைக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்திருக்கின்றன. தம்பியின் மொபெட் அதற்காகப் போய்விட்டது. என் காதிலிருந்த தோடும் போயிற்று, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை.

விஷயம் இதுதான். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று ஒரு வெப்சைட்டில் போடுவது. உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாமாம்.

"அமெரிக்காக்காரன் எதுக்குடா மூலனூர் பஸ் நேரத்தைப் பாக்கோணும்?" என்றேன்.

"அக்கா, உனக்கு விஷன் பத்தாது" என்றான். அப்போது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

17 நவம்பர்

விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு வந்துவிட்டான். வெப்சைட் இன்னும் பிறக்கவில்லை, கார்டு வந்துவிட்டது. அவன் நிர்வாக இயக்குநர். லோகு தொழில்நுட்ப இயக்குநர். நான் தலைவர். எதற்காக நான் தலைவர் என்று கேட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமானாலும் வீட்டுக்குப் பெரியவள் போட்டால்தான் மரியாதை என்றான். பதிவு செய்ததும் என் பெயரில்தானாம்.

தலைவர் இன்று இருபது பேருக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, இரண்டு இயக்குநர்களுக்கும் தோசை சுட்டார்.

21 நவம்பர், ஞாயிறு

காலை ஐந்து மணியிலிருந்து பஸ் ஸ்டாண்டில் நோட்டும் கையுமாக நின்றேன். வரும் வண்டி, போகும் வண்டி எல்லாவற்றையும் எழுத வேண்டும். பூக்காரம்மா இரண்டு முறை வந்து, "வூட்டுல ஏதாச்சும் சண்டையா கண்ணு?" என்று கேட்டாள்.

அப்பா பத்தடி தள்ளி நின்றிருந்தார். என்னைத் தெரியாதவர்போல. அவருக்கும் வேலை அதுதான். தங்கரதம் பஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருடமாக டைம் கீப்பர். கம்பெனி வண்டி எத்தனைக்கு வந்தது, எத்தனைக்குப் போனது என்று எழுதுவது, விசில் ஊதி வண்டியைக் கிளப்புவது. இங்கே தனியார் வண்டிகளுக்கு நடுவில் ஒரு நிமிடத்துக்குக் கைகலப்பே நடக்கும். முன்னால் போகிறவனுக்குத்தான் வழியில் நிற்கிற சனமெல்லாம்.

அப்பாவிடம் இரண்டு நோட்டு உண்டு. ஒன்று கம்பெனி நோட்டு, நீளமானது. அதில் வண்டிக்கு பெர்மிட்டில் என்ன நேரமோ அதுதான் இருக்கும். இன்னொன்று சட்டைப்பையில் வைக்கும் சின்ன நோட்டு. அதில் வண்டி நிஜமாகவே எடுத்த நேரம். சின்ன வயதிலிருந்தே எங்களுக்குத் தெரியும், சின்ன நோட்டுதான் சரியான நோட்டு. அம்மா இருந்தபோது ஊருக்குப் போவதென்றால் சின்ன நோட்டைப் பார்த்துத்தான் எங்களைக் கிளப்புவாள்.

கால் வலிக்கிறது.

28 நவம்பர்

வீட்டிலிருக்கும் போன் அப்பாவுக்காக பஸ் கம்பெனி வைத்துக் கொடுத்தது. லோகு இன்டர்நெட்டில் இருந்தால் போன் வேலை செய்யாது. முதலாளி காலையில் மூன்று முறை அடித்திருக்கிறார். ரிசீவர் சரியாக வைக்கவில்லை என்று பொய் சொன்னேன். வாரத்துக்கு ஒரு முறைதான் ரிசீவர் சரியாக வைக்காமல் இருக்க முடியும் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன்.

5 டிசம்பர், ஞாயிறு

வெப்சைட் வந்துவிட்டது. கீழே ஒரு எண் ஓடுகிறது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று. சாயங்காலம் வரை பதினொன்று. அதில் ஒன்பது ஜெகா. ஒன்று லோகு. மிச்சம் ஒருவர் யார் என்று வீடே யோசித்துக்கொண்டிருக்கிறது. நான்தான், மத்தியானம் யாரும் இல்லாதபோது. சொல்லப்போவதில்லை.

12 டிசம்பர்

எத்தனை முறை சொன்னாலும் அப்பா கேட்பதில்லை. ராத்திரி வந்ததும் சின்ன நோட்டைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் கீபோர்டு மேல் வைக்கிறார். டி.வி. மேல் வைக்க இடமா இல்லை? "கீபோர்டு கெட்டுப்போகுமுங்கப்பா" என்றேன். "ம்" என்றார். இன்று பார்த்தால் நோட்டு மறுபடியும் அங்கேதான், பக்கம் விரித்து, மேலே ஒரு பேனாவை வைத்து. இந்த வீட்டில் ஒரு பொருள் அதன் இடத்தில் இருக்காது.

லோகு எங்கிருந்தோ பழனி, உடுமலை, காங்கேயம் நேரமெல்லாம் வாங்கிப் போட்டுவிட்டாள். எதிர் வண்டிகள் வரும் நேரம் உட்பட. நான் இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நின்றேன். எப்படி என்று நான் கேட்கவில்லை.

26 டிசம்பர்

ஒரு மெயில் வந்திருக்கிறது. திருப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ், வீடு நம் ஊர்ப்பக்கம். ஆறு பத்து வண்டி என்று எல்லோரும் சொல்வார்களாம், இவள் போய்ச் சேர்வதற்குள் வண்டி போயிருக்குமாம். டிரைவரைக் கேட்டால் உன் கடிகாரம் ஸ்லோ என்பாராம். "உங்க பேஜ்ல 6.03னு பாத்தேன். ஆறு மணிக்கே வந்து நின்னேன். 6.03க்கு எடுத்தாங்க. ரெண்டு வருசமா என் வாட்சைத் திட்டிட்டு இருந்தேன்" என்று எழுதியிருந்தாள்.

ஜெகா அதை நான்கு முறை சத்தமாக வாசித்தான். எரிச்சலாக இருந்தது. நான்காவது முறை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு தோசை கேட்டார். அவர் இரண்டுக்கு மேல் சாப்பிடுகிறவர் இல்லை.

31 டிசம்பர்

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடுமாம். நின்றால் அரிசி டிரம்மைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கலாம்.

1 ஜனவரி 2000

நிற்கவில்லை.

16 ஜனவரி

மாட்டுப்பொங்கல். தரகர் வந்திருந்தார். உடுமலையில் ஒரு இடம். பையன் பேங்கில் வேலை, வயது முப்பத்தொன்று. பொண்ணுக்கு இருபத்தேழு ஆனது பரவாயில்லையாம். பொண்ணோட அப்பாவுக்கு நிலையான வேலை, ஊரில் நல்ல பேர், அது போதுமாம். எனக்கு இதில் பெரிய ஆர்வமெல்லாம் இல்லை. வருகிறவர்கள் வரட்டும்.

அரக்குப் பட்டுப் புடவையை வெயிலில் காயவைத்தேன். பூச்சி வாசம் வந்தது, அதனால்.

24 ஜனவரி

எண் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் விளம்பரம் தரலாமா என்று கேட்டிருக்கிறார். நிர்வாக இயக்குநருக்குக் கால் தரையில் இல்லை.

27 ஜனவரி, வியாழன்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நீலவேணி என்று ஒரு பஸ் கம்பெனி. தங்கரதத்துக்குப் பரம்பரைப் பகை. திருப்பூருக்கு அவர்கள் வண்டி ஆறு ஐந்துக்கு, நம் வண்டி ஆறு பத்துக்கு. பெர்மிட் அப்படி. நம் வண்டி ஆறு மூன்றுக்கே கிளம்பி, அவர்களுக்கு முன்னால் போய், வழியில் நிற்கிற கூட்டத்தையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விடும். பல வருடமாக நடக்கிறது. அவர்கள் புகார் கொடுப்பார்கள். போக்குவரத்து அதிகாரி இரண்டு கம்பெனி நோட்டையும் வாங்கிப் பார்ப்பார். நம் நோட்டில் ஆறு பத்து என்றுதான் இருக்கும். உன் நோட்டுக்கு என் நோட்டு என்று அதோடு முடிந்துவிடும்.

இப்போது நீலவேணிக்காரர்கள் எங்கள் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். 6.03 என்று கொட்டை எழுத்தில். கீழே தலைவர் என்று என் பெயர்.

உலகத்தில் வேறு யாராவது பஸ் நேரம் போட்டிருந்தால் கம்பெனி ஆபீசில் கேட்டு 6.10 என்று போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். டைம் கீப்பர் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஒரு கணம்கூட அது தோன்றவில்லை.

முதலாளி அப்பாவையும் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்து காபி கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சுப்பண்ணா, உங்களை நான் ஒண்ணும் சொல்லலை. கொழந்தைக, தெரியாம செஞ்சுட்டாங்க. பாப்பா, நீ ஒரு கடுதாசி மட்டும் எழுதிக் குடுத்துரு. அதெல்லாம் நாங்களா குத்துமதிப்பாப் போட்ட நேரம், ஆரையும் கேட்டுப் போடலைன்னு. பத்தாந்தேதி ஆர்.டி.ஓ. ஆபீசுல விசாரணை. குடுத்துட்டா அண்ணன் எப்பவும்போல வேலைக்கு வரட்டும்."

கொடுக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

30 ஜனவரி, ஞாயிறு

வீட்டில் ரணகளம்.

ஜெகா கையெழுத்துப் போட்டுவிடலாம் என்கிறான். ஆறு பத்து என்று மாற்றிவிட்டு மற்ற ஊர்களை வைத்து ஓட்டலாமாம். லோகு முடியாது என்கிறாள். இரண்டு மாதத்துக்குச் சேர்த்து இன்று ஒரே நாளில் பேசினாள்.

"குத்துமதிப்புன்னு நாமளே எழுதிக் குடுத்துட்டா பொறகு எதுக்கு அந்தப் பேஜு? ஆறு மூணு பொய்னா பழனி நேரமும் பொய்தானே? அந்த நர்சுக்கு என்ன பதில் எழுதுவே?"

"அப்பா வேலை போயிருச்சுன்னா நீ சோறு போடுவியா?" என்றேன்.

"அப்பாவையே கேளு."

அப்பா தாழ்வாரத்தில் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். "பெரியவ நீ. உனக்கு என்ன தோணுதோ செய்யி சாமி" என்றார். எல்லாவற்றையும் என் தலையில் கட்டுவதென்று இந்தக் குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

உடுமலைக்காரர்கள் இருபதாம் தேதி வருகிறார்கள் என்று தரகர் சொல்லி அனுப்பினார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அப்பாவின் வேலை முக்கியம், அவ்வளவுதான்.

10 பிப்ரவரி, வியாழன்

கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப ஒரு நேரமும் பாத்து எழுதலையாம்மா?" என்று கேட்டார். இல்லைங்க என்றேன். "ஆறாயிரம் பேர் பாத்திருக்காங்களே?" ஆமாங்க என்றேன். நீலவேணிக்காரர் சிரித்தார். முதலாளி ஜன்னலைப் பார்த்தார். அப்பா என் பின்னால் நின்றிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் பக்கத்தைத் திருத்தச் சொன்னேன். லோகு எழுந்து போய்விட்டாள். நானே உட்கார்ந்து 03 என்பதை எடுத்துவிட்டு 10 என்று அடித்தேன். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள், அதற்கு மூன்று முறை தப்பாக அடித்தேன்.

13 பிப்ரவரி

சின்ன நோட்டு மூன்று நாளாக கீபோர்டு மேல் இல்லை. நல்லது, ஒரு வழியாகச் சொன்னது காதில் விழுந்திருக்கிறது.

பனியன் கம்பெனிக்காரர் விளம்பரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நர்ஸ் ஒரே வரியில் மெயில் போட்டிருக்கிறாள், "ஏங்க மாத்திட்டீங்க?" என்று. ஜெகாவும் பதில் போடவில்லை. லோகு என்னோடு பேசுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. இதைத்தானே கேட்டேன்.

20 பிப்ரவரி, ஞாயிறு

வந்தார்கள். பையன், அவர் அம்மா, மாமா. வடை நன்றாக வந்தது. காபி கொஞ்சம் தண்ணீராகிவிட்டது.

பையன் நல்ல மாதிரி. பேச்சு நிதானம். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நீங்கதானுங்களா அந்த பஸ் பேஜு?" என்று கேட்டார். பேங்கில் பார்ப்பாராம். போன மாதம் இங்கே தங்கிவிட்டுத் திருப்பூர் போக வேண்டியிருந்ததாம். "ஆறு மூணுன்னு போட்டிருந்தீங்க. அதைப் பாத்துத்தான் வந்து புடிச்சேன். இப்ப ஆறு பத்துன்னு இருக்குதே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பையனின் மாமா முதலாளிக்கு வேண்டியவர்.

"அது சும்மா குத்துமதிப்பாப் போட்டதுங்க" என்றேன். "வண்டி ஆறு பத்துக்குத்தானுங்க எடுக்கும்."

"நான் போனன்னைக்கு?"

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நேரத்துக்கு முன்னாடி எடுத்திருப்பாங்க. மத்தபடி எங்கப்பா நிக்கற எடத்துல அப்படியெல்லாம் நடக்காதுங்க."

அப்பா தட்டிலிருந்த வடையைச் சின்னச் சின்னதாகப் பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை. பையன் சரிங்க என்று காபியைக் குடித்தார். பிறகு உடுமலையில் தண்ணீர்க் கஷ்டம் பற்றிப் பேசினார்கள்.

சொல்லி அனுப்புகிறோம் என்று போயிருக்கிறார்கள். தலை வலிக்கிறது.

21 பிப்ரவரி, திங்கள்

காலை ஆறரைக்கு ஜெகா மூச்சிரைக்க ஓடி வந்தான். எதற்கோ பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருக்கிறான்.

"அக்கா, அப்பா வண்டிக்கு முன்னாடி நின்னுட்டாரு. ஆறு மூணுக்கு டிரைவர் ஸ்டார்ட் பண்ணிட்டான். அப்பா விசில் ஊதலை. முன்னாடி போய் நின்னுட்டாரு. அவன் ஆரன் அடிக்கறான், கண்டக்டர் கத்தறான், உள்ள இருக்கற சனமெல்லாம் திட்டுது. அப்பா வாட்சையே பாத்துட்டு நிக்கறாரு. நீலவேணி கிளம்பிப் போயிருச்சு. அப்பவும் நகரலைக்கா. ஆறு பத்துக்கு விசில் ஊதினாரு."

நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு அப்பா வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்தில் அவர் வந்து நான் பார்த்ததில்லை. கை கால் கழுவிவிட்டுச் சோறு கேட்டார்.

"முதலாளி என்னங்க சொன்னாரு?"

"நாளையிலிருந்து வர வேண்டாம்னாரு."

"எதுக்குங்கப்பா இப்படிச் செஞ்சீங்க?" என்று கத்திவிட்டேன். "நான் போய் அத்தனை பேர் முன்னாடி பொய் எழுதிக் குடுத்து, வெக்கங்கெட்டுப் போயி நின்னேனே. எல்லாம் எதுக்கு?"

அப்பா ரசத்தை ஊற்றிப் பிசைந்தார்.

"நேத்து நீ ஆறு பத்துக்குத்தான் எடுக்கும்னு சொன்னீல்ல. அந்தப் பையன் விவரமானவன். நாளைக்கே ஒருக்கா வந்து நின்னு பாத்தான்னா, நம்ம பொண்ணு பொய் பேசுதுன்னு ஆயிருமல்ல சாமி."

லோகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்து நாளைக்கு அப்புறம்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா கேட்டார். "அதுல ஆறு பத்துன்னுதானே கெடக்குது?"

"ஆமாங்க."

"மாத்திருங்க. நாளைக்கு வேற ஆளு நிப்பான். ஆறு மூணுக்குத்தான் எடுப்பான்."

"கடுதாசி குடுத்திருக்கோமுங்களே?"

"அது என்ற வேலைக்காகக் குடுத்தது. வேலைதான் இல்லீல்ல."

மூன்று மணிக்குக் கம்பெனி ஆள் வந்து போனைக் கழற்றிக்கொண்டு போனான். இனி இன்டர்நெட்டும் இல்லை.

22 பிப்ரவரி

தரகர் வந்தார். உடுமலையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அப்பாவுக்கு வேலை போனது அதற்குள் தெரிந்துவிட்டதா என்று ஜெகா கேட்டான். அது தெரிகிறதுக்கு முன்னாடியே, ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே பையன் சொல்லிட்டானாம் என்றார் தரகர். காரணம் கேட்க வேண்டாம் என்று நான் உள்ளே போய்விட்டேன்.

வருத்தமில்லை என்று எழுதப் பார்த்தேன். வருத்தம்தான். அந்தக் கையெழுத்தை அப்பாவுக்காகத்தான் போட்டேன் என்று இந்த டைரியிலேயே எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன் என்று புரட்டிப் பார்த்தேன். அரக்குப் பட்டுப் புடவையை மடித்து உள்ளே வைத்தேன்.

லோகு பக்கத்தைத் திருத்தி ஃபிளாப்பியில் ஏற்றிவிட்டாள். திருப்பூர் பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோய்த்தான் ஏற்ற வேண்டும். நான் போகிறேன் என்றேன். ஆறு மூன்றை எடுத்தவள் நான்தான்.

23 பிப்ரவரி, புதன்

வண்டியைத் தவறவிட்டேன்.

ஆறு மூன்று வண்டிக்கு ஆறு இரண்டுக்கு ஸ்டாண்டில் நின்றேன். வண்டி இல்லை. பூக்காரம்மா, "இப்பத்தான் போகுது கண்ணு, ஆறு ஒண்ணுக்கே எடுத்துட்டான். புது ஆளு, ரொம்ப வெசை" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் ஃபிளாப்பியை அங்கேயே வீசியிருப்பேன். சொந்த வெப்சைட்டுக்கு எழுதிய நேரத்தை நம்பி பஸ்ஸைத் தவறவிட்ட ஒரே தலைவர் நான்தான். நீலவேணியில் ஏறிப் போயிருக்கலாம். ஆனால் தப்பான நேரத்தைக் கொண்டுபோய் ஏற்ற எனக்கு மனமில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

"எத்தனைக்கு எடுத்தான்?"

"ஆறு ஒண்ணுங்களாம்." லோகுவைக் கூப்பிட்டேன். "ஆறு ஒண்ணுன்னு மாத்து. நான் அடுத்த வண்டிக்குப் போறேன்."

"மாத்தாதே" என்றார் அப்பா.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"ஒரு நாள் பாத்துட்டு எழுதக்கூடாது. அதும் அடுத்தவங்க சொல்லி எழுதவே கூடாது. ஒரு வாரம் நின்னு பாக்கோணும்."

உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கம்பெனி காக்கிச் சட்டை இல்லை, விசேஷத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை. செருப்பைப் போட்டுக்கொண்டு, மத்தியானச் சோற்றை ஸ்டாண்டுக்கே கொடுத்து அனுப்பு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.